ஒன்பது வயதில் அப்பா ஆனவர்

தண்ணிக்காரரின் வலது தோளில் ஒரு மேடு இருந்தது. அரை எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல, கருத்து வழவழவென்று இருக்கும். அவர் சட்டை போடாத நாட்களில் அதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும். பார்க்காமல் இருக்கவும் முடியாது. மூங்கில் தடியின் இரு முனைகளிலும் எண்ணெய் டின்களைக் கட்டித் தொங்கவிட்டு, அதைத் தோளில் வைத்துக்கொண்டு கீழே ஓடையிலிருந்து எங்கள் பள்ளிக்கூடம் வரைக்கும் ஏறி வருவார். காலையில் எட்டு நடை, பிற்பகலில் ஆறு நடை. விடுதிச் சமையலும் பாத்திரம் கழுவுவதும் எங்கள் குடிதண்ணீரும் அந்தப் பதினான்கு நடைக்குள்தான் அடங்கவேண்டும். தடி உட்கார்ந்து உட்கார்ந்து தோளே தனக்கு ஒரு சும்மாடு செய்துகொண்டுவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கல்வராயன் மலையில், வெள்ளிமலை பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் மேலே நடந்து போகவேண்டிய ஊர் அது. எனக்கு அதுதான் முதல் வேலை, வயது இருபத்தைந்து. அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் அந்தப் பள்ளியில் யாருமில்லை. வாத்தியார்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவர் தண்ணிக்காரர்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும், அடையாள அட்டைக்கு ஆள் எழுதும் முகாம் எங்கள் பள்ளிக்கு வந்தது. கண்ணையும் விரல்களையும் படம் பிடிக்கும் கருவியோடு வந்தவர்கள் இரண்டே பேர். கூட்டமோ சுற்றியிருந்த ஏழெட்டு ஊர்க் கூட்டம். படிவம் எழுதித் தர எங்களை உட்கார வைத்துவிட்டார்கள். மலையில் பெரும்பாலானவர்களிடம் பிறந்த தேதி என்று ஒன்று கிடையாது. கேட்டால், அக்காவைக் கட்டிக்கொடுத்த வருஷம் ஏர் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது மாதிரிதான் பதில் வரும். நாங்கள் முகத்தைப் பார்த்து, பிள்ளைகளின் வயதை விசாரித்து, ஒரு எண்ணை எழுதி, பிறந்தநாள் கட்டத்தில் ஜனவரி ஒன்று என்று போட்டுக்கொண்டே போனோம். இரண்டு நாளில் மலையே ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்ததாக ஆகிவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

தண்ணிக்காரரின் முறை வந்தது. அவருடைய மூத்த பெண் எங்கள் பள்ளியில் எட்டு வரைக்கும் படித்தவள். அப்போது அவளுக்கு முப்பது. அவள் பிறக்கும்போது தனக்கு இருபத்தொன்று என்று அவரே விரல் விட்டுச் சொன்னார். ஐம்பத்தொன்று என்று எழுதப் பேனாவை வைத்தேன். மேஜைமேல் குனிந்து மெதுவாகப் பேசினார். “டீச்சரம்மா, கொஞ்சம் கம்மியா போடுங்க. நாப்பதுக்குள்ள போடுங்க.”

ஏன் என்று கேட்டேன். தை மாசம் பிறந்தால் மலையிலிருந்து ஜனங்கள் மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போவார்கள். பள்ளி விடுமுறையிலும், தண்ணீர் வேலை இல்லாத நாட்களிலும் அவருக்கும் அதுதான் பிழைப்பு. லாரியோடு வரும் மேஸ்திரி நரைத்த தலைகளைக் கழித்துவிடுகிறான் என்று அவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தது எனக்கே தெரியும். “இனிமே அட்டையக் கேட்டுத்தான் ஏத்துவேன்னு சொல்லிக்கினு இருக்கறான். போன தபா எங்க மச்சானை ஏத்துன லாரிலேர்ந்து இறக்கி வுட்டான். ஊரே பாத்துக்கினு இருந்திச்சு” என்றார். அவருக்கு முன்னால் வந்தவர்களும் அதையேதான் கேட்டிருந்தார்கள். அந்த வரிசையில் எல்லோரும் இளமையாகிக்கொண்டிருந்தார்கள். அறுபதாம் வயதைப் பற்றி அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அடுத்த கரும்பு வெட்டு. நானாவது யோசித்திருக்கலாம். படித்தவள் நான்தானே. முப்பத்தொன்பது என்று எழுதினேன்.

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்படின்னா உன் மூத்த பொண்ணு பொறக்கச்சே உனக்கு ஒம்பது வயசுய்யா, கில்லாடிதான்” என்றார். வரிசையே குலுங்கிச் சிரித்தது. தண்ணிக்காரர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். கட்டைவிரலை மை போகத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கிப் போனார். அன்று சாயந்திரம் என் அறை வாசலில் ஒரு பலாப்பழம் இருந்தது. ஒருவருக்கு உபகாரம் செய்த திருப்தியோடு நான் அதைத் தின்றேன்.

இதைச் சொல்லும்போது என் அப்பாவைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். அப்பா தண்ணிக்காரரைவிட ஒரு வயது இளையவர். தாத்தா மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்; படிப்பு வாசனை இல்லாதவர். ஆனால் குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் மாதா கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஞானஸ்நானம் வாங்கிக் கொடுத்துவிட்டார். பங்குச் சாமியார் பதிவேட்டில் தேதியும் கிழமையும் எழுதி வைத்தார். பிறகு அதே சாமியார் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். அப்பா அரசு அலுவலகத்தில் எழுத்தரானார். அந்தப் பதிவேட்டுத் தேதியிலிருந்து கணக்கிட்டு, ஐம்பத்தெட்டு முடிந்த மாதத்தின் கடைசி நாளில், மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு பேருமே கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஒருவருக்கு ஒரு சாமியாரின் பதிவேடு இருந்தது. இன்னொருவருக்கு நான்தான் இருந்தேன்.

அப்பாவின் முதுமையை நான் கூட இருந்து பார்த்தேன். மலையிலிருந்து மாற்றல் வாங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்து, அம்மா இறந்த பிறகு அப்பாவோடேயே இருந்துவிட்டேன். கணவருக்குச் சேலத்தில் வேலை; சனி ஞாயிறு வருவார். ஓய்வுபெற்ற அப்பா காலையில் நடப்பார், பேப்பரை வரி விடாமல் படிப்பார், சர்க்கரை மாத்திரையை மணி பார்த்து விழுங்குவார். இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் ஆயிற்று. பல் கட்டிக்கொண்டார். “பொழுதே போவல” என்று தினமும் ஒரு முறையாவது சலித்துக்கொள்வார். பொழுது போகவில்லை என்று சொல்வதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அறுபத்திரண்டில் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. நல்ல ஆகிருதியான மனிதர். என்னால் அவரைப் புரட்டிக்கூடப் படுக்க வைக்க முடியவில்லை. வைத்த ஆட்கள் ஒரு மாதம் தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் தண்ணிக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பையில் சாமை அரிசி. அந்த முகாம் நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. தலைச்சாயம் போய் முழுக்க வெளுத்திருந்தது. நான்கு பேரிடம் விசாரித்துக் கண்டுபிடித்து வந்தேன் என்றார். காப்பி குடித்து முடிக்கும்வரை மழை, பள்ளிக்கூடம், குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிய அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“முதியோர் பணத்துக்கு எழுதிப் போடப் போனேங்க. உனக்கு அம்பத்தொண்ணுதான் ஆவுது, இன்னும் ஒம்பது வருசம் கழிச்சு வான்னு சொல்லிட்டாங்க. என்னைக் காட்டியும் சின்னவன்லாம் வாங்கிக்கினு இருக்கறான். கரும்பு வெட்ட முடியலீங்க. முட்டி மடங்க மாட்டேங்குது. நீங்க எழுதினதுதானே, நீங்களே மாத்திக் குடுத்துருங்க.”

அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. சட்டை தைத்தவரிடம் கை நீளத்தைக் குறைத்துத் தரச் சொல்வது மாதிரிதான் கேட்டார். மறுநாள் சேவை மையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பையன் அட்டையையும் மகளின் பள்ளிச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். இவ்வளவு வித்தியாசத்தைத் தான் மாற்ற முடியாது என்றும், அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்கி, மேலே மனு எழுதிப் போடவேண்டும் என்றும் சொன்னான். “மொதல்ல தப்பா எழுதினது யாருன்னு கேப்பாங்க மேடம். அவங்க ஒரு கடுதாசி குடுத்தா சீக்கிரம் முடியும்” என்றான். நான் தண்ணிக்காரரைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. முகாமில் யாரோ எழுதியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அரசு வேலையில் இருக்கிறவள். தெரிந்தே பொய் எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் பயம். அந்தப் பயத்துக்கு இத்தனை வருஷம் கழித்தும் வேறு பெயர் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் தண்ணிக்காரர் அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, முதுகை நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டார். எத்தனையோ வருஷம் சுமந்த உடம்புக்குப் பாரத்தை எங்கே பிடிப்பதென்று தெரிந்திருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இங்கேயே இருங்கள், அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள், நேரம் பார்த்து உங்கள் வயது விஷயத்தை முடித்துவிடலாம் என்றேன். மோட்டார் அறையை ஒட்டிய சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தேன். கரும்பு வெட்டுவதைவிட இது மேல் என்று அவர் நினைத்தார். அவருக்கு நல்லது செய்கிறேன் என்று நானும் நினைத்தேன். இரண்டாவது முறை.

அப்பா அவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். வயது என்ன என்று முதல் நாளே விசாரித்தார். தண்ணிக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அட்டையில் உள்ளதைச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு கிழவர், ஒரு இளைஞர் என்று ஆகிவிட்டது. காலையில் தூக்கி நாற்காலியில் வைத்து, தள்ளிக்கொண்டு போய்க் குளிப்பாட்டி, துடைத்து, வேட்டி கட்டிவிட்டு, மறுபடி தூக்கிக் கொண்டுவருவார். “இன்னா தம்பி, இதுக்கே இளைக்கற? உன் வயசுல நான் சைக்கிள்லயே சின்னசேலம் போய் ரயில் ஏறுவேன்” என்பார் அப்பா. “நீங்க சாப்ட்டது அரிசி சோறுங்க ஐயா, நாங்க சாமைச் சோறு” என்று தண்ணிக்காரர் சமாளிப்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒருவர் அதட்டுவதும் மற்றவர் பணிவதும் வயதினால் வந்தது என்று அப்பா கடைசிவரை நம்பினார். பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு ஊசி மாதிரி குத்தும். ஆனாலும் எழுந்து போய், அப்பா, அவர் உங்களைவிடப் பெரியவர் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் அடிக்கடி கேட்கவுமில்லை. மாசத்துக்கு ஒரு தடவை, துணி உலர்த்தும்போதோ மாத்திரை வாங்கி வந்து கொடுக்கும்போதோ, “அந்த வயசு சமாச்சாரம், டீச்சரம்மா?” என்பார். கிறிஸ்துமஸ் கழியட்டும் என்பேன். பரீட்சை முடியட்டும் என்பேன். ஒரு தடவை நிஜமாகவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அன்று அப்பாவுக்கு ஜுரம் வந்துவிட்டது. எல்லாத் தடவையும் ஜுரம் வரவில்லை. வயது மாறி, பணம் வர ஆரம்பித்தால் அவர் மலைக்குப் போய்விடுவார், அப்பாவை யார் தூக்குவது என்ற கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது. இரண்டாம் வருஷம் அவர் டம்ளருக்கு வெளியே காப்பியை ஊற்றினார். கண்ணில் புரை. இலவசக் கண் முகாமுக்கு அனுப்பி வைத்தேன். அங்கே நர்ஸ் அட்டையைப் பார்த்து, “அம்பத்திரெண்டு வயசுலயா இவ்ளோ முத்திப் போச்சு?” என்று கேட்டாளாம். அதை அவர் அப்பாவிடம் வேடிக்கையாகச் சொன்னார். மலைக்காற்றும் வெயிலும்தான் காரணம் என்று அப்பா விளக்கம் கொடுத்தார்.

மூன்றாம் வருஷம் ஒரு பகலில் குளியலறையிலிருந்து சத்தம் கேட்டது. ஓடினேன். ஈரத் தரையில் தண்ணிக்காரர் மல்லாக்க விழுந்து கிடந்தார். அவர் மார்பின்மேல் அப்பா. சறுக்கியதும் அப்பாவைக் கீழே விடாமல், தன் உடம்பைத் திருப்பித் தரையில் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுத் தூக்கினோம். அப்பாவை டாக்டரிடம் காட்டினோம். “அவனுக்கு ஒண்ணும் ஆவாது, இளவட்டம்” என்றார் அப்பா, பாசமாகத்தான். தண்ணிக்காரரும் ஒன்றுமில்லை என்றார். ஒரு வாரம் கழித்து, அவர் படுக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு வற்புறுத்தி அழைத்துப்போனேன். விலா எலும்பில் விரிசல். அந்த ஒரு வாரமும் அவர் அப்பாவைத் தினமும் இரண்டு தடவை தூக்கியிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “சொன்னா வேற ஆளு பாப்பீங்களேங்க” என்றார். நான் அழுதேன். என் அழுகையால் அவருக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை.

அந்த மழைக்காலத்தில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். துவைத்த விரிப்பில், சுத்தமான உடம்போடு, முதுகில் ஒரு புண் இல்லாமல் போனார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், கொடுத்து வைத்தவர், மகள் நன்றாகப் பார்த்துக்கொண்டாள் என்று சொன்னார்கள். தெருமுனையில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில் அப்பா படத்துக்குக் கீழே வயது அறுபத்தைந்து என்று போட்டிருந்தது. தண்ணிக்காரருக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். கல்லறையிலிருந்து திரும்பி வரும்போது அதன் முன்னால் நின்று பார்த்தார். “ஐயா என்னை வுட சின்னவரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கு அது முதல்முறையாகத் தெரிகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. “தம்பி, தம்பின்னு கூப்ட்டாரே” என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் பூசை முடிந்ததும் மலைக்குப் போய்விட்டார்.

அப்புறம் எனக்குத் தைரியம் வந்தது. வந்த நேரத்தைக் கவனித்தால் அதைத் தைரியம் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இனி இழக்க எனக்கு ஒன்றுமில்லை, அவ்வளவுதான். அந்தப் படிவத்தை எழுதியது நான், வயதைத் தெரிந்தே குறைத்தேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மருத்துவமனையில் நாள் கேட்டு வைத்தேன். கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் பஸ் ஏறினேன். சாரல். அவர் வீட்டுக் கூரையின் ஒரு பக்கத்தில் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அவர் மனைவி உள்ளே படுத்திருந்தாள். மூச்சு இழுக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. திருப்பூரில் வேலை செய்யும் மகன் வந்து வருஷமாகிறது என்றார். கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அறுபத்தாறு என்று எழுதித் தந்துவிடுவார்கள், இனி நீங்கள் பாரம் தூக்க வேண்டியதில்லை என்றேன். மூன்று வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்ததைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் கடிதத்தை வாங்கி மடித்து, திரும்ப என்னிடமே கொடுத்தார்.

“கோச்சுக்காதீங்க டீச்சரம்மா. இப்ப மாத்த வேணாங்க. சின்னசேலத்துல ஒரு பெரியவரைத் தூக்கி வைக்க ஆளு தேடிக்கினு இருக்கறாங்களாம். உங்க தெருக்காரம்மா போன் பண்ணாங்க. அறுபதுக்குள்ள இருக்கணுமாம், அட்டையப் பாப்பாங்களாம். நீங்க ஒரு வார்த்த சொன்னா எடுத்துக்குவாங்க.”

உங்கள் விலா எலும்பு, உங்கள் முட்டி என்று நான் ஆரம்பித்தேன். கையமர்த்தினார். “மாத்திட்டா இந்த வேலையும் போச்சு. மனு எழுதிப் போட்டு, கிராம ஆபீசரு வந்து பாத்து, புள்ள இருக்கறானேன்னு கேட்டு, அந்தப் பணம் எப்ப வருமோ. அது வர்ற வரைக்கும் இவளுக்கு மாத்திர?” நான் மாதாமாதம் அனுப்புகிறேன் என்றேன். அவர் சிரித்தார், நிலாவைப் பிடித்துத் தருகிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம் பெரியவர்கள் சிரிப்பது மாதிரி. “கெடைக்கற வேலைய வுட்டுட்டு எத்தினி நாளு உங்க கையப் பாத்துக்கினு இருக்கறது? நீங்களும் எத்தினி தபா அப்பறம் அப்பறம்னு சொல்லுவீங்க?” அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் அவர் என்னைச் சொன்னது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். முட்டியில் கையூன்றி ஊன்றி அவர் முன்னால் ஏறினார். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அவர் காட்டிய எண்ணை நானே அழுத்தினேன். எடுத்தது ஒரு பெண். யார் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்று சொன்னதும், மாமனாரின் நிலைமையை அவசர அவசரமாகச் சொன்னாள். அவள் குரலில் இருந்த களைப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த களைப்பு. “எங்க மாமா நல்ல கனங்க மேடம். வயசானவங்களா இருந்தா தாங்க மாட்டாங்க. அவருக்கு இன்னா வயசு?” என்று கேட்டாள்.

தண்ணிக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்பத்து நாலு” என்றேன். “எங்க அப்பாவையே மூணு வருஷம் தூக்கினவர்.”